பெயரும் பெயரனும்: பழைய திருமுழுக்குப் பதிவேடுகளைப் படிக்கும் முறை

குடும்ப வரலாறு எழுதும் ஆர்வம் நம் கிறித்தவ இல்லங்களில் பெருகி வருகிறது. பொன்விழா மலர்களிலும், தனிச் சுற்றுக்கென அச்சிடப்படும் சிறு நூல்களிலும் கொடிவழிப் படங்கள் இடம்பெறுகின்றன. அவற்றின் அடியில், "திருமுழுக்குப் பதிவேட்டின்படி" என்னும் தொடர் ஒரு முத்திரையைப் போலப் பொறிக்கப்படுகிறது. ஏட்டில் உள்ளது ஐயத்துக்கு அப்பாற்பட்டது என்பது அதன் உட்பொருள். இந்த நம்பிக்கையை நாம் பழிக்கவில்லை. ஆயினும் பதிவேடும் ஒரு பனுவலே. அதை எழுதியவர் ஒருவர். எழுதச் சொன்னவர் வேறொருவர். அதற்கென ஒரு நோக்கமும், ஒரு சொல்மரபும், சில மௌனங்களும் உண்டு. ஒரு காப்பியத்தைத் திறனாய்வோர் அதன் யாப்பை அறிந்தே பொருள் காண்பர். பதிவேட்டைப் படிப்போருக்கும் அத்தகைய பயிற்சி வேண்டும். குடியேற்றக் காலத்துத் தொடக்கப் பதிவேடுகளைப் பொறுத்தவரை, இப்பயிற்சி இல்லாத வாசிப்பு வரலாற்றைத் தராது. வீண்பெருமையையோ வீண்துயரத்தையோதான் தரும்.

இக்கட்டுரையில் இரண்டு இடங்களின் ஏடுகளை எடுத்துக்கொள்கிறோம். ஒன்று புதுச்சேரி, மற்றொன்று இந்தியப் பெருங்கடலில், இன்று ரெயூனியன் என வழங்கும் பூர்போன் தீவு. இரண்டும் பிரெஞ்சு வணிகக் கழகத்தின் ஆட்சியில் இருந்தவை. ஒரே கப்பல்கள் இரண்டையும் தொட்டுச் சென்றன. ஒன்றின் ஏட்டில் தொடங்கும் சில குடும்பங்களின் கதை மற்றதன் ஏட்டில் தொடர்கிறது.

எதற்காக எழுதப்பட்டது?

முன்னோரைத் தேடும் பேரர்களை மனத்தில் வைத்து எந்தக் குருவும் பதிவேட்டை எழுதத் தொடங்கவில்லை. ஸ்பெயினில் கர்தினால் சிஸ்னேரோஸ் 1497ஆம் ஆண்டை ஒட்டித் தம் மறைமாநிலச் சங்கத்தின் வழியாகத் திருமுழுக்குப் பதிவை வலியுறுத்தினார். பிரான்சு மன்னர் 1539இல் வில்லெர்-கொத்தரே ஆணையால் அதையே நாடெங்கும் கட்டாயமாக்கினார். திரிதெந்துப் பொதுச்சங்கம் 1563 நவம்பரில் கூடிய தன் 24ஆம் அமர்வில், திருமணச் சீர்திருத்தத்தோடு சேர்த்தே, ஞானப்பெற்றோரின் பெயர்களை ஏட்டில் எழுதிவைக்கப் பணித்தது. 1614இல் திருத்தந்தை ஐந்தாம் சின்னப்பர் வெளியிட்ட உரோமைத் திருச்சடங்கு நூல் பதிவின் வாய்பாட்டையே வகுத்துத் தந்தது.

திரிதெந்துச் சங்கம் திருமுழுக்குப் பதிவைப் பற்றி ஏன் திருமணப் பகுதியில் பேசிற்று? விடை எளிது. ஞானத்தந்தைக்கும் ஞானப்பிள்ளைக்கும், அப்பிள்ளையின் பெற்றோருக்கும் இடையே உண்டாகும் ஞான உறவு, அக்காலத்தில் திருமணத் தடையாக இருந்தது. யார் யாருக்கு ஞான உறவினர் என்பதை அறியாமல் மணம் முடித்துவைக்க இயலாது. எனவே பதிவேட்டின் முதல் நோக்கம் உறவு எல்லைகளைக் காப்பதே. இலத்தீன் திருச்சபையில் இத்தடை 1983ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பில் நீங்கிவிட்டது. ஆகவே இன்றைய வாசகர் கண்ணுக்கு ஞானப்பெற்றோரின் பெயர்கள் வெறும் அலங்காரமாகத் தோன்றுகின்றன. நம் குடும்ப வரலாற்று நூல்கள் பல, தந்தையின் பெயரையும் மகனின் பெயரையும் எடுத்துக்கொண்டு ஞானப்பெற்றோரை ஏட்டிலேயே விட்டுவிடுவதற்கு இதுவே காரணம். எழுதியவர் தலையாயது எனக் கருதியதையே படிப்பவர் உதறிவிடுகிறார். இதை இவ்வகை நூல்களின் முதற்குறை என்போம்.

மற்றொரு பொருத்தப்பாட்டையும் நினைவிற்கொள்ள வேண்டும். பிரான்சில் அரசு தனிப் பதிவேடு தொடங்கும்வரை, பங்குக்குருவின் ஏடே குடிமைப் பதிவாகவும் விளங்கியது. 1667ஆம் ஆண்டு ஆணை இரண்டு படிகளைக் கேட்டது. குடியேற்ற நாடுகளின் ஏடுகள் கறையானுக்கும் புயலுக்கும் போருக்கும் இரையாவதைக் கண்ட அரசு, 1776 ஜூன் மாத ஆணையால் மேலும் ஒரு படியை வெர்சாய் நகருக்கு அனுப்பச் சொன்னது. அந்தப் படிகளின் வழிவந்த தொகுதியே இன்று எக்ஸ்-ஆன்-புரோவான்ஸ் நகரின் கடல்கடந்த நாடுகளுக்கான ஆவணக் காப்பகத்தில் உள்ளது. ஆகவே நாம் காண்பது பெரும்பாலும் படியே. படி எடுத்தவரின் கண்ணும் காதும் அதில் கலந்துள்ளன. அறியாத மொழிப் பெயரைக் கேட்டவாறு எழுதிய கை ஒன்று. அதைப் பார்த்தவாறு பெயர்த்தெழுதிய கை மற்றொன்று.

புதுச்சேரி: யாருடைய ஏடு?

புதுச்சேரிப் பதிவுகளின் சுருக்கங்களை, 1676ஆம் ஆண்டு தொடங்கி, பிரெஞ்சிந்திய வரலாற்றுக் கழகம் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தொகுதிகளாக வெளியிட்டது. ஆளுநராகவும் வரலாற்றாசிரியராகவும் விளங்கிய ஆல்ஃபிரெட் மர்த்தினோ அக்கழகத்தின் உயிர்நாடியாக இருந்தார். போர்களும் முற்றுகைகளும் நகரை அலைக்கழித்த பின்னரும் இத்தனை பெயர்கள் எஞ்சின என்பதே பெரும்பேறு. 1693இல் ஒல்லாந்தர் நகரைக் கைப்பற்றினர். 1761இல் ஆங்கிலேயர் அதை இடித்துத் தள்ளினர். அப்படிப்பட்ட ஊரின் ஏடு இது.

ஆயினும் அத்தொகுதிகளைப் புரட்டும் தமிழ் வாசகர் விரைவில் ஒன்றை உணர்வார். அங்கே ஐரோப்பியரும், 'தொப்பாசு' எனப்பட்ட கலப்பினத்தாருமே முன்னிற்கின்றனர். புதுச்சேரியில் அக்காலத்தில் தமிழ்க் கிறித்தவர் இல்லையா என்று கேட்டால், இருந்தனர். ஆனால் ஐரோப்பியரின் பங்கு கப்புச்சின் சபையாரிடம் இருந்தது. தமிழரின் ஆன்மப் பொறுப்பை 1699இல் மயிலை ஆயர் இயேசு சபையாரிடம் ஒப்படைத்தார். இரு சபையாருக்கும் இடையே எழுந்த கசப்பு உரோமைவரை சென்றதை வரலாறு அறியும். அந்தப் பிரிவினை ஏடுகளையும் பிரித்தது. ஒரு குடும்பத்தின் பெயர் ஒரு தொகுதியில் இல்லாததால் அக்குடும்பமே ஊரில் இல்லை என முடிவு கட்டுதல் பிழை. எந்தக் கோயிலின் ஏடு, யாருடைய பொறுப்பில் இருந்த மக்களின் ஏடு என்பதே முதற்கேள்வி.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். துய்ப்ளேயின் மனைவியாகிப் புகழ்பெற்ற ழான் அம்மையார் 1706இல் புதுச்சேரியில் பிறந்தவர். தந்தை வணிகக் கழகத்தின் அறுவை மருத்துவர் அல்பேர். தாய் எலிசபெத்து ரோசா தெ காஸ்த்ரோ. 1719இல், பதின்மூன்று வயதில், வேன்சான் என்பவருக்கு மணம்முடிக்கப்பட்டார். கைம்மை எய்தியபின் 1741இல் சந்தன்நாகூரில் துய்ப்ளேயை மணந்தார். தந்தையின் வழியைப் பிரான்சில் தொடரலாம். தாயின் 'காஸ்த்ரோ' என்னும் பெயர் நம்மை எங்கே கொண்டு செல்கிறது? போர்ச்சுகலுக்கு என்று விடையிறுப்போர் கரையோர வரலாற்றை மறந்தவராவர். இக்கரையில் போர்த்துகீசியக் குடும்பப்பெயர் குருதியின் சான்று அன்று; திருமுழுக்கின் சான்றாகவும் இருக்கலாம். ஞானத்தந்தையின் பெயரும், வீட்டுத் தலைவனின் பெயரும், மறைபரப்பாளரின் பெயரும் புதிதாய்க் கிறித்தவரானோர்மேல் ஏறின. 1535 முதல் 1537 வரை முத்துக்குளித்துறையில் திரளாகத் திருமுழுக்குப் பெற்ற பரதவ மக்களிடையே பெர்னாண்டோ, மச்சாடோ போன்ற பெயர்கள் இன்றும் நிலைத்திருப்பதை நாம் அறிவோம். அம்மக்கள் லிஸ்பனிலிருந்து வந்தவரல்லர். காஸ்த்ரோ என்னும் பெயரைக் கண்டதும் போர்த்துகீசிய மூதாதையரை வரைந்துவிடும் கொடிவழிகள், பெயருக்குப் பின்னால் நிற்கும் தமிழ்த்தாயை அழித்துவிடக்கூடும்.

இராயப்பன் எங்கே போனார்?

பெயரைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டியுள்ளது. பேரன் என்னும் சொல் பெயரன் என்பதன் மருஉ. பாட்டனின் பெயரைத் தாங்குபவன் பெயரன். தமிழ்க் குடும்பத்தின் கொடிவழி மொழிக்குள்ளேயே இவ்வாறு பொதிந்துள்ளது. தாத்தன் பெயர் ஒரு தலைமுறை விட்டு மறு தலைமுறையில் மீண்டும் எழும். குடும்பப்பெயர் என்னும் ஒன்று இல்லாத சமுதாயத்தில் இதுவே தொடர்ச்சியின் நூலிழை.

இந்நூலிழை பதிவேட்டில் ஏறும்போது என்ன ஆகிறது? வீட்டில் இராயப்பன் என அழைக்கப்பட்டவர் ஏட்டில் 'பெத்ருஸ்' ஆகிறார். சின்னப்பன் 'பவுலுஸ்', அருளப்பன் 'யோவான்னெஸ்', சூசை 'யோசேப்புஸ்'. நம் ஞானத்தமிழ் இப்பெயர்களை எத்துணை இனிமையாக மொழிபெயர்த்து வைத்திருந்தாலும், எழுதுகோல் இலத்தீனுக்கோ பிரெஞ்சுக்கோ திரும்பிவிடும். ஒரே ஊரில் பத்துப் பெத்ருஸ் இருப்பர். வீட்டுப்பெயர் ஒன்று, ஊரார் அழைக்கும் பெயர் ஒன்று, ஏட்டுப்பெயர் ஒன்று என மூன்றாகப் பிரிந்த ஒருவரை ஒன்றுசேர்ப்பது எளிதன்று.

இதில் திருச்சபைச் சட்டத்தின் பங்கும் உண்டு. 1704 ஜூனில் புதுச்சேரியில் தூர்னோன் ஆண்டகை வெளியிட்ட ஆணை, மலபார் சடங்குகள் பற்றிய நீண்ட வழக்கின் திருப்புமுனை. உரோமைப் புனிதர் பட்டியலில் உள்ள பெயரையே திருமுழுக்கில் இடவேண்டும் என்றும், புனிதர் பெயர்களை மாற்றி வழங்கலாகாது என்றும், குழந்தைகளின் திருமுழுக்கைத் தள்ளிப்போடக் கூடாது என்றும் அது விதித்தது. 1744இல் திருத்தந்தை பதினான்காம் ஆசீர்வாதப்பர் இவ்வழக்கில் இறுதித் தீர்ப்பு வழங்கினார். எனவே ஓர் ஏட்டைத் திறக்குமுன் அது 1704க்கு முந்தியதா பிந்தியதா, யாருடைய கையில் இருந்தது என்று கேட்பது இன்றியமையாதது. ஒரு குடும்பத்தின் தமிழ்ப்பெயர் ஏட்டில் திடீரென மறைந்தால், குடும்பம் மறைந்தது என்று கொள்ளலாகாது. ஆணை வந்து சேர்ந்தது என்றும் பொருள் இருக்கலாம்.

1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்ற நீலகண்ட பிள்ளை லாசரு என்னும் பெயரைத் தேவசகாயம் எனத் தமிழில் ஏற்றார். 2022 மே 15 அன்று உரோமையில் புனிதராக அறிவிக்கப்பட்டபோது உலகம் உச்சரித்தது அத்தமிழ்ப் பெயரையே. ஏட்டுப்பெயரும் வாய்ப்பெயரும் போட்டியிடும்போது மக்களின் வாயே சில வேளைகளில் வெல்லும். ஆயினும் எல்லாரும் புனிதராவதில்லை. மற்றவரின் வாய்ப்பெயர்கள் அவர்களை அழைத்தவர்களோடு மண்ணுள் சென்றன.

பூர்போன்: பெயர் மட்டும் உள்ளவர்கள்

கடலைக் கடப்போம். பூர்போன் தீவில் 1663இல் குடியேறிய முதல் சிறு கூட்டத்தில் மடகாஸ்கர் நாட்டவர் பதின்மர் இருந்தனர். அவருள் பெண்கள் மூவரே. 1665 முதல் குடியேற்றம் நிலைபெற்றது. 1672இல் நம் சாந்தோமைக் கைப்பற்றி, 1674இல் அதை இழந்த தளபதி தெ லா ஏ, அவ்வாண்டு இறுதியில் பூர்போனுக்குச் சென்று ஓர் ஆணை பிறப்பித்தார். பிரெஞ்சுக்காரர் கறுப்பினப் பெண்களை மணக்கலாகாது என்பது அதன் விதிகளுள் ஒன்று. மயிலையின் கடற்கரைக்கும் அத்தீவின் மணப்பதிவுகளுக்கும் இடையே இப்படியொரு தொடர்பு.

1678இல் இந்தியாவிலிருந்து இந்தோ-போர்த்துகீசியப் பெண்கள் சிலர் அத்தீவில் வந்திறங்கிக் குடியேறியோரை மணந்தனர். ரொசாரியோ 'ரொசேர்' ஆயிற்று. பெரேரா 'பெரேர்' ஆயிற்று. ரெயூனியனின் பழங்குடும்பங்கள் பலவற்றின் தாய்வழி வேர்கள் இப்பெண்களிடமும் மடகாஸ்கர்ப் பெண்களிடமும் உள்ளன. ரிக்கபூர் என்னும் ஆய்வாளர் 1665 முதல் 1810 வரையிலான பூர்போன் குடும்பங்களின் கொடிவழி அகராதியை 1983இல் வெளியிட்டார். பங்கு ஏடுகளை வரிவரியாகக் கோத்த அவ்வுழைப்பைப் போற்றாமல் இருக்க முடியாது. தூய ஐரோப்பியக் குருதி என்னும் கற்பனையைத் திருமுழுக்கு ஏடு எவ்வாறு கலைக்கும் என்பதற்கு அது போன்ற நூல்கள் சான்று. ஆனால் அகராதி குடும்பங்களுக்கே இடம் தரும். குடும்பம் அமைக்கும் உரிமை மறுக்கப்பட்டவர்க்கு எங்கே இடம்?

1723 டிசம்பரில் வெளியான அரசாணை அத்தீவுகளின் அடிமைகள் அனைவருக்கும் கத்தோலிக்க மறைக்கல்வியும் திருமுழுக்கும் அளிக்கவேண்டும் என்று பணித்தது. அதே ஆணை வெள்ளையர்க்கும் கறுப்பர்க்கும் இடையே மணத்தைத் தடைசெய்தது. அடிமைத்தாயின் பிள்ளையை அடிமையாகவே அறிவித்தது. இதன் விளைவை ஏட்டில் காண்கிறோம். பிள்ளையின் ஞானப்பெயர், தாயின் ஞானப்பெயர், உரிமையாளரின் முழுப்பெயர். தந்தையின் இடத்தில் வெறுமை. வந்திறங்கி முதிர்ந்த வயதில் திருமுழுக்குப் பெற்றவரானால் ஏறத்தாழ இத்தனை வயது என்னும் குறிப்பும், 'மலபார்', 'மல்காஷ்', 'காஃப்ர்' என்னும் இனச்சொல்லும். இவற்றுள் 'மலபார்' என்பதைக் கண்டு கேரளக் கரையைத் தேடுவோர் ஏமாறுவர். பிரெஞ்சுக்காரரின் வழக்கில் அச்சொல் தமிழரையும் குறித்தது. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில், 1743ஆம் ஆண்டுப் பகுதியில், எளிய மக்களை ஏமாற்றிப் பிடித்து அடிமைகளாகக் கப்பலேற்ற முயன்ற செய்தி வருகிறது. அத்தகைய கப்பலில் சென்ற ஒருவர் மறுகரையில் 'பிரான்சுவா, மலபார், இன்னாருடைய அடிமை' என்று ஏட்டில் எழுந்து நிற்பார். அவருடைய தாய் வைத்த பெயர் எந்த ஏட்டிலும் இல்லை.

இங்கே குருவாகிய நாம் எளிதில் கடந்துபோக முடியாத ஒரு கேள்வி எழுகிறது. திருமுழுக்கு ஒருவரை இறைமக்களுள் ஒருவராக்கும் அருளடையாளம். அதே நீர், அதே சொற்கள். ஆனால் நீர் உலருமுன், அதே குருவின் கை அவரை மற்றொருவரின் உடைமையாக எழுதிற்று. 1714 முதல் அத்தீவில் பணியாற்றிய, புனித வின்சென்ட் தே பவுலின் மறைபரப்புச் சபையாரே அடிமைகளை வைத்திருந்தனர். இதை மூடிமறைக்கும் வாசிப்பு பக்திக்கு உதவலாம், உண்மைக்கு உதவாது. ஆயினும் மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். உரிமையாளரின் கணக்கேட்டில் அம்மனிதர் வயதும் விலையுமாக நின்றார். பங்கு ஏட்டில் அவருக்குத் தாய் உண்டு, ஞானத்தந்தை உண்டு, ஞானத்தாய் உண்டு. அநீதியின் சான்றும் மாண்பின் சான்றும் ஒரே வரியில் கிடக்கின்றன. இரண்டையும் ஒருங்கே படிப்பவரே அவ்வரியை முழுமையாகப் படித்தவர்.

முதலில் நாம் குறித்த ஞானப்பெற்றோர் இங்கே மீண்டும் முன்வருகின்றனர். தந்தை பெயர் இல்லாத குழந்தைக்கு ஞானத்தந்தையாக நிற்பவர் யார்? உரிமையாளர் வீட்டாரா, அடுத்த தோட்டத்து அடிமையா, விடுதலை பெற்றவரா? ஒரே ஞானத்தாய் ஐந்தாறு குழந்தைகளுக்கு நிற்கிறார் எனில் அவர் அச்சிறு சமூகத்தில் மதிப்புடையவர் என்று உய்த்துணரலாம். குருதி உறவைச் சட்டம் மறுத்த இடத்தில் ஞான உறவு குடும்பத்தின் வேலையைச் செய்தது. ஓர் வரியைத் தனித்துப் படித்தால் இது புலப்படாது. முன்னும் பின்னும் உள்ள வரிகளோடு, பல ஆண்டு ஏடுகளோடு ஒப்பிட்டுப் படித்தால் மட்டுமே புலப்படும்.

1848 டிசம்பர் 20 அன்று ரெயூனியனில் அடிமைமுறை ஒழிக்கப்பட்டபோது, ஏறத்தாழ அறுபதாயிரம் பேருக்கு முதன்முறையாகக் குடும்பப்பெயர் இடப்பட்டது. அதற்கெனத் திறந்த சிறப்புப் பதிவேடுகளில் பழைய அடிமை எண்ணும் புதுப்பெயரும் ஒருசேர எழுதப்பட்டன. இன்று அத்தீவில் முன்னோரைத் தேடுவோர் அந்த ஏட்டை வாயிலாகக் கொண்டு, அடிமைக் கணக்கெடுப்புகளையும் திருமுழுக்கு ஏடுகளையும் பின்னோக்கிப் படிக்கின்றனர். அவர்கள் தேடுவது குலப்பெருமை அன்று. ஒரு பெண்ணின் ஞானப்பெயரையேனும் அடைந்துவிட மாட்டோமா என்னும் ஏக்கமே.

எழுதும் கைக்கு ஒரு சொல்

முடிவில்லா மூதாதையர் பட்டியல்களில் மூழ்க வேண்டாம் என்று பவுலடியார் திமொத்தேயுவுக்கு எச்சரித்தார். ஆனால் மத்தேயு தம் நற்செய்தியைக் கொடிவழியோடுதான் தொடங்குகிறார். இது முரண் அன்று. மத்தேயுவின் பட்டியலில் தாமார், இராகாப், ரூத்து, உரியாவின் மனைவி ஆகியோர் மறைக்கப்படாமல் நிற்கின்றனர். புறவினத்துப் பெண்ணும், பழிக்கு ஆளான பெண்ணும் மீட்பரின் முன்னோருள் இடம்பெறுகின்றனர். பவுல் மறுத்தது பெருமைக்கான பட்டியலை. மத்தேயு எழுதியது உண்மைக்கான பட்டியலை. நம் குடும்ப வரலாற்று நூல்கள் எந்தப் பட்டியலின் பக்கம் நிற்கின்றன என்பதே அவற்றை மதிப்பிடும் அளவுகோல். முதற் கிறித்தவர் எந்தச் சாதியினர் என்று நிறுவுவதற்காகவே ஏட்டைப் புரட்டி, ஏட்டில் உள்ள அடிமையையும் ஊர்ப்பெயரற்ற தாயையும் தாண்டிச் செல்லும் நூல், எத்தனை மேற்கோள் தந்தாலும், ஏட்டைப் படிக்காத நூலே.

இறுதியாக நம் உடன்குருக்களுக்கு ஒன்று. இன்றைய பதிவேடு நாளைய ஆவணம். 1983ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பின் 877ஆம் விதி, மணமாகாத தாயின் பிள்ளைக்குத் திருமுழுக்கு அளிக்கும்போது, தாய்மை வெளிப்படையாக அறியப்பட்டிருந்தாலோ, தாய் தாமே எழுத்தாலோ சாட்சிகள் முன்னிலையிலோ விரும்பிக் கேட்டாலோ அவர் பெயரை எழுதச் சொல்கிறது. தந்தைமையை அரசு ஆவணம் மெய்ப்பித்தாலோ, பங்குக்குரு முன்னிலையிலும் இரு சாட்சிகள் முன்னிலையிலும் தந்தை தாமே அறிவித்தாலோ அவர் பெயரையும் எழுதச் சொல்கிறது. இவ்விதி வழங்கும் இடத்தைச் சோம்பலாலோ வெட்கத்தாலோ நாம் வெறுமையாக விட்டால், இருநூறு ஆண்டுகளுக்குப் பின் வரும் பெயரன் ஒருவன் அவ்வெறுமையின்முன் நிற்பான். வீட்டில் வழங்கும் தமிழ்ப்பெயரையும் ஓரத்தில் குறித்தல், ஞானப்பெற்றோரின் ஊரைச் சேர்த்தல், தெளிவான கையெழுத்தில் எழுதுதல், மங்கும் ஏட்டைப் படியெடுத்து வைத்தல் ஆகிய இவை யாவும் சிறு செயல்கள். பழைய ஏடுகளைப் படிக்கக் கற்றவர் புதிய ஏட்டைக் கவனமின்றி எழுத மாட்டார்.